புள்ளடியும் விருப்பு இலக்கமும்

ஈழத்துத் தமிழர் தேர்தற் காலத்தில் வழங்கும் சொற்களுள் எமக்கு மிக உவப்பானது ‘புள்ளடி’ என்பது. புள் என்பது பறவை. ஈர மணலிலே பறவையொன்று அடிவைத்துச் சென்றால் எத்தகைய தடம் பதியுமோ அத்தகைய குறியைப் புள்ளடி என்றனர் நம் முன்னோர். எவர் முதலில் இச்சொல்லைத் தேர்தலுக்கு உரியதாக்கினாரோ யாம் அறியோம்; ஆயினும் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பெயர்த்து இடர்ப்படாது இரண்டு அசையில் ஒரு சித்திரத்தையே காட்டிய அவர் நற்றமிழ்ப் புலவரே என்பதில் ஐயமில்லை. தமிழகத்து அன்பர்கள் ஒருகாலத்தில் முத்திரை குத்தினர். இப்பொழுது பொத்தானை அமுக்குகின்றனர். நாம் இன்றும் புள்ளடி இடுகின்றோம்.

அப்புள்ளடியை இடும் முறையிலேதான் இன்று பெரும் இடர் விளைந்திருக்கின்றது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 58 ஆயிரம் பேர் வாக்களித்தனர். அவற்றுள் 32 ஆயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லுபடியற்றவை என நிராகரிக்கப்பட்டன. நூற்றுக்கு ஒன்பது! அத்தேர்தலில் இறுதி இரண்டு ஆசனங்களைப் பெற்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசும் சுயேச்சைக் குழு 17 உம் தனித்தனியே பெற்ற வாக்குகள் 28 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைந்தவையே. அஃதாவது, ஒரு பாராளுமன்ற உறுப்பினரை அனுப்புவதற்குப் போதிய வாக்குகளிலும் பார்க்கக் கூடிய தொகையினை நம்மவர் வீணே குப்பையில் இட்டிருக்கின்றனர். எழுத்தறிவிலும் கல்வியிலும் பெயர்பெற்றது இக்குடாநாடு என்று மேடைதோறும் பேசுகின்றோம். அப்பேச்சைச் சிறிது நிறுத்திவிட்டு இக்கணக்கை நோக்குதல் தகும்.

சிலர் சினத்தினால் வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்திருத்தல் கூடும். அவர்களைப்பற்றி இங்கே பேச்சில்லை. எஞ்சியோர் கெடுத்ததற்குக் காரணம் அறியாமை என்று ஒரு சொல்லிற் கூறிவிடுதல் நீதியன்று. 2024 செப்டெம்பர் 21 இல் சனாதிபதித் தேர்தல். நவம்பரிற் பாராளுமன்றத் தேர்தல். 2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துள் மூன்று தேர்தல். மூன்றுக்கும் மூன்று முறை. சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என எண்ணிட்டு வரிசைப்படுத்தலாம். அங்கே ஒன்றுக்கும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு; முதற் கணக்கில் எவரும் அரைப்பங்குக்கு மேற் பெறாதபோது இரண்டாம் விருப்பு எண்ணப்படும். அவ்வாறு எண்ணப்பட்டது வரலாற்றில் முதன்முறையாக 2024 இலேதான். பாராளுமன்றத் தேர்தலிலோ வரிசை இல்லை. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன்மேல் விரும்பினால் மூன்று வேட்பாளர் வரை அவர்தம் இலக்கங்களின் மேற் புள்ளடி. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கே இல்லை. ஒரே ஒரு புள்ளடியோடு வேலை முடிந்தது. ஒரு பாட்டுக்கு மூன்று மெட்டமைத்து மூன்றையும் ஒரே பருவத்திற் பயிற்றினால் மாணவன் தடுமாறுவான் அல்லனோ?

வாக்கெடுப்பு நிலையக் கடமைக்கு அழைக்கப்படாத ஆசிரியர் இம்மாவட்டத்தில் அரியர். அக்கடமையில் இருந்தோர் யாவரும் கண்டிருப்பர்: மறைப்பினுள்ளே சென்ற முதியோர் நெடுநேரம் வெளிவாரார், வந்ததும் “தம்பி, எல்லாத்துக்கும் போடவேணுமோ?” என்று வினாவுவர். விடை கூற அலுவலருக்கு உரிமை மிகச் சிறிதே. அவ்வினாவுக்குரிய விடையை வீட்டிலே பெற்று வந்திருத்தல் வேண்டும்.

பாராளுமன்றத் தேர்தலின் வாக்குச்சீட்டை எடுத்துக் கொள்வோம். மேலே கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் பெயர்களும் சின்னங்களும். கீழே வெறும் இலக்கங்கள். வேட்பாளரின் பெயர் சீட்டில் எங்கும் இல்லை. 2024 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 44 அணிகள் போட்டியிட்டன. ஆசனங்கள் 6, ஒவ்வோர் அணியும் ஆசனத் தொகையினும் மூவரைக் கூடுதலாக நிறுத்துதல் வேண்டும் என்பது விதி, எனவே அணிக்கு 9 பேராக மொத்தம் 396 வேட்பாளர். இவர்களுள் ஐந்தாம் இலக்கத்துக்கு உரியோர் மட்டும் 44 பேர்! வாக்காளர் எந்தச் சின்னத்துக்கு நேரே புள்ளடி இட்டாரோ அந்த அணியின் ஐந்தாம் இலக்கத்தாருக்கே அவ்விருப்பு சேரும். தமக்கு வேண்டியவரின் இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்துச் சின்னத்தை மறந்தவர், தாம் முகமும் அறியாத ஒருவருக்கு வாக்களித்துத் திரும்புவர்.

விதிகள் சிலவே, சிக்கல் அற்றவை. இரண்டு சின்னங்களுக்குப் புள்ளடி இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். சின்னத்தை விட்டு இலக்கங்களுக்கு மட்டும் புள்ளடி இட்டாலும் நிராகரிக்கப்படும். ஏனெனில் இலக்கம் எவ்வணியைச் சார்ந்தது என்பது புலப்படாது. பெயரோ ஒப்பமோ, இன்னார் இட்டது என்று காட்டும் வேறு குறியோ இருப்பின் அதுவும் கழிந்தது. சின்னத்துக்கு முறையாகப் புள்ளடி இட்டு, விருப்பை மூன்றுக்கு மேலே குறித்துவிட்டால் கட்சிவாக்கு நிலைக்கும். விருப்பு மட்டும் அழியும். விருப்புக் குறியாது விட்டாலோ கட்சிவாக்குக்கு யாதொரு பழுதுமில்லை. ஆனால் அங்ஙனம் விடுதல் நன்றோ என்பதுதான் இக்கட்டுரையின் உள்ளீடு.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ‘முதனிலைத் தேர்தல்’ என்றொரு வழக்கம் உண்டு. பொதுத்தேர்தலுக்குச் சில மாதம் முன்னரே ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளரே வாக்களித்துத் தீர்மானிப்பர். கட்சித் தலைவர்கள் மூடிய அறைக்குள் இருந்து வேட்பாளரைத் தெரிவதைப் பொறாத சீர்திருத்தக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கொன்சின் முதலிய மாநிலங்களில் இதனைச் சட்டமாக்கினர். சில மாநிலங்களில் அக்கட்சியினராகப் பதிந்தோர் மட்டுமே வாக்களிக்கலாம். சிலவற்றில் எவரும் அளிக்கலாம். ஆகவே அங்கே தேர்தல் அணுகும்போது வாக்காளர் முதலில் அறியவேண்டியது, தாம் எந்தக் கட்சியிற் பதிந்திருக்கின்றோம் என்பதே. பொதுத்தேர்தலைக் காட்டிலும் முதனிலைத் தேர்தலுக்கு வருவோர் குறைவு. ஆயினும் ஒரே கட்சி ஓங்கியிருக்கும் மாநிலத்தில் மெய்யான தேர்தல் அதுவே. டெக்சாசு மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர், கட்சி என்பது தனியார் சங்கம் என்று சொல்லிக் கறுப்பின மக்களை முதனிலைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தியிருந்தனர். பொதுத்தேர்தலில் வாக்குரிமை உண்டு. ஆனால் அதற்குள் யாவும் முடிந்திருக்கும். 1944 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அச்சூழ்ச்சியை முறியடித்தது.

நமக்கும் இதற்கும் யாது தொடர்பு என்பீர்களாயின், 1977 ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் வடக்கின் தொகுதிகள் அனைத்தையும் வென்றது. அக்காலத்தில் ஒரு தொகுதிக்கு ஒரு கட்சி ஒரே வேட்பாளரை நிறுத்தும். ஆகலின் கட்சி எவரை நிறுத்தியதோ அவரே உறுப்பினர். வாக்காளருக்கு எஞ்சியது ஒப்புதல் அளிப்பது மட்டுமே. தெரிவு நிகழ்ந்த இடம் வாக்குச்சாவடி அன்று, வேட்பாளர் பட்டியல் எழுதப்பட்ட மேசை.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. அதன்கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1989 பெப்ரவரியிலேதான் நடந்தது. இடையில் 1988 இல் செய்யப்பட்ட பதினான்காம் திருத்தமே விருப்பு வாக்கைத் தந்தது. கட்சி எத்தனை ஆசனம் பெறும் என்பதைக் கட்சிவாக்கு தீர்மானிக்கும். அவ்வாசனங்களில் அமர்வோர் எவர் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். கட்சியின் செயலாளர் பட்டியலிற் பெயர்களை எவ்வரிசையில் எழுதினார் என்பது பொருளன்று. அமெரிக்கர் இரண்டு நாளில் இரண்டு சீட்டிற் செய்வதை நாம் ஒரே நாளில் ஒரே சீட்டிற் செய்கின்றோம். சின்னத்தின் மேலிடும் புள்ளடி பொதுத்தேர்தல்; இலக்கத்தின் மேலிடும் புள்ளடி முதனிலைத் தேர்தல். முன்னதை மட்டும் இட்டுப் பின்னதை விட்டவர், தம் கட்சிக்குள் எவர் வரவேண்டும் என்ற உரிமையை அயலாருக்குத் தானம் செய்தவர் ஆவார்.

விருப்பு வாக்குக்குப் பழியும் உண்டு. ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றோர் இரவானதும் ஒருவர் சுவரொட்டியை மற்றவர் கிழிக்கும் அவலத்தை நாடெங்கும் கண்டோம். செலவும் பெருகியது, தனியொருவர் மாவட்டம் முழுவதும் தம் இலக்கத்தைப் பரப்ப வேண்டியிருத்தலின் பணம் படைத்தோர் முந்துவர். இவற்றை மறுப்பார் இலர். எனினும் பட்டியலைக் கட்சித் தலைமையிடமே முற்றாக ஒப்படைப்பதிலும் இது மேல் என்பதே எம் துணிபு.

கட்சிக்குள்ளே வாக்கெடுப்பு என்பது நமக்கு எவ்வளவு புதிது என்பதற்கு ஒரு சான்று. இலங்கைத் தமிழரசுக் கட்சி 1949 டிசம்பரில் நிறுவப்பட்டது. அதன் தலைவர் பதவிக்குப் போட்டி மூண்டு வாக்கெடுப்பு நடந்தது 2024 ஜனவரி 21 இல், திருகோணமலையில். பொதுச்சபை உறுப்பினருள் 184 பேர் திரு. சி. சிறீதரனுக்கும் 137 பேர் திரு. ம. ஆ. சுமந்திரனுக்கும் வாக்களித்தனர். விடயம் பின்னர் நீதிமன்றப் படியேறியது. அவ்வாண்டு நவம்பரில் இருவரும் ஒரே பட்டியலில் யாழ்ப்பாண மாவட்டத்திற் போட்டியிட்டனர். கட்சிக்குக் கிடைத்ததோ ஓர் ஆசனம். விருப்பு வாக்கினால் அது திரு. சிறீதரனுக்கு உரியதாயிற்று. முந்நூற்றுச் சொச்சம் பேர் சனவரியில் வாக்களித்த அதே வினாவுக்கு நவம்பரிற் பல்லாயிரம் பேர் வாக்களித்தனர் என்று கூறினும் பொருந்தும். இவருள் எவர் தக்கார் என்பது எமது ஆராய்ச்சிக்கு உரியதன்று. விருப்பு இலக்கத்தை வெறுமையாக விட்ட கட்சி ஆதரவாளர் இவ்வினாவில் யாதும் பேசாதிருந்தார் என்பதே நாம் குறிப்பது.

மூன்று விருப்புகளைப்பற்றி ஒரு நுட்பம். மூன்றும் ஒரே மதிப்புடையன. நாம் முதலிற் குறித்தவர், பின்னர் குறித்தவர் என்ற வேற்றுமை எண்ணுவோருக்குத் தெரியாது. உமக்கு ஒருவரே உயிரினும் இனியவர் எனில், ஏனைய இரண்டு விருப்பையும் ‘சும்மா கிடக்கின்றனவே’ என்று அவருடைய பட்டியலில் உள்ள வேறிருவருக்கு இட்டால், அவருடன் போட்டியிடுவோரையும் சம அளவில் உயர்த்தியவர் ஆவீர். மூவரும் தக்கார் எனில் மூவருக்கும் இடுக. ஒருவரே தக்கார் எனில் ஒருவரோடு நிறுத்துக. ‘மூன்று இட்டால்தான் வாக்குச் செல்லும்’ என்று கிராமங்களிற் பரவியிருப்பது வெறும் வதந்தி. இன்னொன்று: உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ பதவி இழந்தாலோ இக்காலத்தில் இடைத்தேர்தல் இல்லை, அதே பட்டியலில் அடுத்த நிலையில் அதிக விருப்புப் பெற்றவர் அவ்விடத்தை நிரப்புவார். ஆகவே தோற்றவருக்கு இட்ட விருப்பும் உறங்கிக் கிடக்கின்றதேயன்றி இறந்துவிடவில்லை.

இனி, ஆசனம் பகிரும் கணக்கு. கணித ஆசிரியர்கள் இதனைப் பத்தாம் வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். 2024 இல் யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 80,800. தமிழரசுக் கட்சி 63,300. தமிழ்க் காங்கிரஸ் 27,990. சுயேச்சைக் குழு 17 பெற்றவை 27,860. முதலாவதாக வந்த அணிக்கு ஒரு மேலதிக ஆசனம் முன்னரே ஒதுக்கப்படும். செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாகப் பெற்ற அணிகள் அனைத்தும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே தள்ளப்படும். அவ்வாறு தள்ளப்பட்டவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 85 ஆயிரம் வாக்குகள், அஃதாவது நாலில் ஒரு பங்கு! எஞ்சிய 2 இலட்சத்து 40 ஆயிரத்தை மிகுதி 5 ஆசனங்களால் வகுக்க, ஓர் ஆசனத்தின் விலை 48 ஆயிரமளவு. அவ்விலையை முழுதாகக் கொடுக்க வல்லவை இரண்டே அணிகள். ஆளுக்கு ஓர் ஆசனம். மீதமுள்ள மூன்றும் எச்சத் தொகையின் பெருமைப்படி செல்லும். தேசிய மக்கள் சக்தியின் எச்சம் 32 ஆயிரத்துக்கு மேல். அடுத்து, ஓர் ஆசனத்தின் விலையைத் தொடாத காங்கிரசின் முழு வாக்கும், சுயேச்சைக் குழுவின் முழு வாக்கும். தமிழரசுக் கட்சியின் எச்சமோ 15 ஆயிரமளவே; ஆதலின் அதற்கு இரண்டாம் ஆசனம் இல்லை. இவ்வாறு நூற்றுக்கு இருபத்தைந்து வாக்குப் பெற்ற அணி ஆறில் மூன்றைப் பெற்றது. இதிற் களவுமில்லை, மாயமுமில்லை. நாற்பத்து நாலு துண்டாகப் பிரிந்து நின்றோர் வாக்கு எங்கே போயிற்று என்று வினாவுவோருக்கு இக்கணக்கே விடை.

ஆறு ஆசனம் என்றோம். 2010 இல் இம்மாவட்டத்துக்கு 9 இருந்தன. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. ஆசனத் தொகை, பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையைப் பொறுத்தது. 2010 இல் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடாப்பில் இருந்தன. இடம்பெயர்ந்தோரும் கடல் கடந்தோரும் அவற்றுட் பலர். இடாப்பு திருத்தப்பட்டதும் 2015 இல் அது 5 இலட்சத்து 29 ஆயிரமாயிற்று. பின்னர் நம் தொகை உயர்ந்ததாயினும் நாட்டின் ஏனைய பகுதிகள் நம்மிலும் விரைந்து உயர்ந்தன. கம்பகா மாவட்டம் ஓர் ஆசனம் கூடிப் பத்தொன்பதாக, நாம் ஒன்றை இழந்தோம். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளையின் பெயரைக் கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தில் எழுதத் தவறுவோர், ஒரு வாக்கை மட்டுமன்றி மாவட்டத்தின் பங்கையும் குறைக்கின்றனர். உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் தம் மாணவரை இது குறித்து ஒரு முறை வினாவுதல் நன்று. இவ்வயதெல்லை 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1959 இல்.

தேர்தற் பேச்சு எழும்போதெல்லாம் நம் மேடைப் பேச்சாளர் உத்தரமேரூர்க் குடவோலையை எடுத்துக்காட்டி, ‘வாக்குரிமையை உலகுக்குக் கற்பித்தவன் தமிழன்’ என்று முழங்குவர். சிறிது நிதானித்தல் வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்துப் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் கூறுவது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. முப்பது குடும்புகளினின்றும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிப்பர். அதுவும் ஒரு பிரமதேயத்துச் சபைக்கு உரியது. ஊரார் அனைவருக்கும் உரியதன்று. குடவோலை வழக்கம் சோழர்க்கும் மிக முந்தியது. அகநானூற்று 77 ஆம் பாட்டிலே மருதன் இளநாகனார் அதனை உவமையாக்கியிருக்கின்றார். பாலை நிலத்துப் பருந்து பிணத்தின் குடரைப் பற்றி இழுத்தலுக்கு அவ்வுவமை! தேர்தலைப்பற்றி அப்புலவர் கொண்ட கருத்து யாதோ என எம் மாணவர் ஒருவர் நகைத்ததுண்டு.

ஆனால் அக்கல்வெட்டில் நாம் உண்மையிலேயே கற்கத்தக்கது வேறொன்று. எவர் பெயர் குடத்துள் போகலாம், எவர் பெயர் போகலாகாது என்பதை அது விரிவாக வகுத்திருக்கின்றது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் தன்மனையும் உடையராய், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதினராய் இருத்தல் வேண்டும். மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் ஆகார்! இன்று இலங்கையில் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுள் வேட்பாளர் தம் செலவுக் கணக்கை ஒப்படைத்தல் வேண்டும் என்கின்றது. மாமன் மைத்துனரைச் சட்டம் தொடவில்லை. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே அமைத்த வள்ளுவரும் அரசன் ஒருவன் அமைச்சரைத் தெரிவதையே கருதினார். இன்று தெரியும் அரசர் யாழ்ப்பாணத்தில் மட்டும் ஐந்தரை இலட்சத்துக்கு மேல்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1911 இல் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்துக்குச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் தெரிவானபோது வாக்களித்தோர் நாடு முழுவதிலும் சில ஆயிரவரே. சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒருங்கே வந்தது. அவ்வாண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயாட்சி கேட்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிட்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அவ்விளைஞரின் கொள்கைத் தூய்மையை யாம் போற்றுவோம். அம்மூன்றாண்டு வெறுமையின் விளைவை வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். 2005 இல் சனாதிபதித் தேர்தலின்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அது வேறு கதை; வேறு காரணம்.

மாகாண சபையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21 இல். 38 ஆசனங்களுள் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது, முதலமைச்சரான திரு. க. வி. விக்னேசுவரனுக்கு 1 இலட்சத்து 32 ஆயிரத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகள் கிடைத்தன. 2018 ஒக்டோபரிற் சபையின் காலம் முடிந்தது. 2017 இற் சட்டத்தைத் திருத்தித் தொகுதிமுறையைக் கலந்தனர். தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கையை 2018 ஓகத்திற் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்றாயிற்று. ஆண்டுகள் பல அங்ஙனமே கழிந்தன. மாகாணத் தேர்தல் பழைய முறையிலே நடப்பின், பாராளுமன்றத்துக்குக் கூறிய விருப்பு விதிகள் யாவும் அங்கும் பொருந்தும். புதிய முறை எனில் நான்காவது பாடம் ஒன்று படிக்க வேண்டியிருக்கும்.

விருப்பு இலக்கங்கள் வேட்புமனு ஏற்கப்பட்ட பின்னரே வெளிவரும். வாக்கெடுப்பு நிலையத்திலும் வேட்பாளர் பெயரும் இலக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். ஆயினும் நானூறு பெயருள் ஒன்றை வாசலில் நின்று தேடுதல் வயோதிபருக்கு ஆகாது. எம் அயலிலுள்ள இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், பத்திரிகையில் வரும் பட்டியலை அன்றே கத்தரித்து வீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் ஒட்டி வைப்பார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலாற் சிறு குறிப்பு: இன்னார் முன்னர் சபையில் யாது பேசினார், இன்னார் எவ்வூர்க் குளத்தைத் திருத்தினார், இன்னாரைப்பற்றி ஒன்றும் தெரியாது. கடைசிக் குறிப்புடையோரைப்பற்றி அவர் தேர்தல் நாள்வரை விசாரித்துக்கொண்டே இருப்பார். சென்ற தேர்தலில் அந்நாட்காட்டியைப் பார்க்க வந்தோர் தொகை பதினேழு என்று எம்மிடம் சொன்னார்.